சவ்வில் பிறக்கும் சேதி

மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதைக் கிள்ளித்தான் நரம்பணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. கஞ்சா, காய்ச்சல் மாத்திரை, லித்தியம் எல்லாமே குறுக்கிடுவது இந்தப் பேச்சில்தான். இதை ஆராயும் கூடம், மருந்தாக்கும் நிறுவனம், ஆராய்ச்சிக்குக் கொடை தரும் கைகள் மூன்றும் பெங்களூரில் இருக்கின்றன. நோயாளிக்கு அதனால் என்ன கிடைத்திருக்கிறது?

காலை எட்டு மணிக்கு பொம்மசந்திரா மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டு நிரம்பி வழிகிறது. ஓசூரிலிருந்தும் அத்திப்பள்ளியிலிருந்தும் வந்த பேருந்துகள் இறக்கிவிட்ட கூட்டம். கழுத்தில் அடையாள அட்டை, காதில் இயர்போன், முதுகில் லேப்டாப் பை. இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் சிவந்த கண்களோடு எதிர்ப்பக்கம் இறங்கிப் போகிறார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கும் ஒரே பெட்டிக்குள் கலந்து கேட்கின்றன. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்த மஞ்சள் வழித்தடத்தில், பொம்மசந்திராவை விட்டதும் வரும் முதல் நிலையம் பயோகான் ஹெப்பகோடி. அப்புறம் ஹுஸ்கூர் ரோடு, இன்ஃபோசிஸ் பவுண்டேஷன் கோனப்பன அக்ரஹாரா, அதற்கடுத்து எலெக்ட்ரானிக் சிட்டி. கதவு மூடப்போகும் மணி ஒலிக்கிறது. ஓடி வந்த ஒரு பெண் வாசலில் சற்றே தயங்கி, பையை இறுக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்துவிடுகிறார்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கம்பியைப் பிடிக்கும் அந்தச் சில நொடிகளில், மண்டைக்குள் நரம்பணுக்கள் சந்திக்கும் இடங்களான சினாப்ஸ்கள் கோடிக்கணக்கில் வேலை செய்து முடித்திருக்கும். சமிக்ஞை வந்து மோதிய நரம்பணுவின் மேற்சவ்வில் இருந்த ஒரு கொழுப்பு மூலக்கூறு இரண்டாக வெட்டுப்பட்டது. ஒரு துண்டு செல்லுக்குள் கரைந்து போய்க் கால்சியத்தைத் திறந்துவிட்டது. சவ்விலேயே தங்கிய மறு துண்டு இன்னொரு முறை வெட்டுப்பட்டு, சமிக்ஞை வந்த திசைக்கே திரும்பிப் போய், ‘போதும், குறைத்துக்கொள்’ என்று சொன்னது. வேலை முடிந்ததும் அதுவும் சிதைக்கப்பட்டது.

இப்படிக் கொழுப்பிலிருந்து பிறக்கும் இன்னொரு தூதைக் கையாளும் மருந்து, மெட்ரோ நிலையத்துக்குப் பெயர் தந்திருக்கும் அதே நிறுவனத்தோடு தொடர்புடையது. மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் நோய்க்கான ஃபிங்கோலிமோட் என்ற அரை மில்லிகிராம் கேப்ஸ்யூலின் பொதுப்பெயர் வடிவத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முதலாக அனுமதி தந்தது 2019 டிசம்பரில். அனுமதி பெற்ற மூன்று நிறுவனங்களில் ஒன்று, ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பயோகான். இன்னொன்றும் இந்திய நிறுவனமே: சன் பார்மா.

மென்பொருளின் ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு இப்படி ஒரு முகமும் உண்டு.

தாளும் சுவரும் ஒன்றே

டோபமைன், செரடோனின் என்ற பெயர்கள் இன்று காப்பிக் கடைப் பேச்சு வரை வந்துவிட்டன. அந்த வகை நரம்புக்கடத்திகள் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு, சின்னப் பைகளில் அடைக்கப்பட்டு, நரம்பு முனையில் காத்திருக்கும். உத்தரவு வந்ததும் பை திறக்கும். கொழுப்பிலிருந்து பிறக்கும் தூது மூலக்கூறுகளை இப்படிச் சேமிக்க முடியாது. பையின் சுவரும் கொழுப்பே என்பதால் அவை அதற்குள் நிற்காமல் ஊடுருவி வெளியேறிவிடும். ஆகவே தேவைப்படும் கணத்தில், தேவைப்படும் இடத்தில், சவ்விலிருந்தே அவற்றைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடிதம் எழுதத் தாள் தேடாமல், வீட்டுச் சுவரிலிருந்தே ஒரு சில்லைப் பெயர்த்து அதில் எழுதி எதிர்வீட்டுக்கு எறிவது மாதிரி.

சுவரைப் பெயர்த்தால் பூச வேண்டுமே? இந்தக் கட்டுரையில் வரும் பாதி நோய்களும் பாதி மருந்துகளும் அந்தப் பூச்சு வேலையைப் பற்றியவைதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1953-ல் மேபல் ஹோக்கின், லோவல் ஹோக்கின் தம்பதி, புறாவின் கணையத் துண்டுகளைத் தூண்டியபோது சவ்வின் ஒரு குறிப்பிட்ட கொழுப்பு வேகமாகப் புதுப்பிக்கப்படுவதைக் கண்டார்கள். மூளைத் துண்டுகளிலும் அதையே பார்த்தார்கள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1983-ல், மைக்கேல் பெரிட்ஜும் கூட்டாளிகளும் விடை சொன்னார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த பிப்-2 என்ற கொழுப்பு வெட்டுப்படும்போது பிறக்கும் ஐபி3 என்ற துண்டு, செல்லுக்குள் பூட்டிவைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. சவ்வின் கொழுப்பில் பிப்-2வின் பங்கு சுமார் ஒரு சதவீதம், அல்லது அதற்கும் கீழே. அந்தச் சொற்ப இருப்பைக் கொண்டுதான் நரம்பணு தன் உள் உலகத்தை நடத்துகிறது.

▪ பெட்டிச் செய்தி: ஒரு மூலக்கூறு, பல சேதிகள்

பிப்-2 வெட்டுப்பட்டால் ஐபி3, டயசில்கிளிசரால் என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும்.

ஐபி3 கால்சியத்தைத் திறக்கும்.

டயசில்கிளிசரால் சவ்விலேயே இருந்து புரதங்களை முடுக்கிவிடும். அதையே இன்னொரு நொதி வெட்டினால் 2-ஏஜி பிறக்கும். கஞ்சாவின் போதைப்பொருள் போய் ஒட்டும் அதே ஏற்பியில் ஒட்டுவதற்காக நம் உடல் தானே செய்துகொள்ளும் மூலக்கூறு இது.

2-ஏஜி சிதைந்தால் அராக்கிடோனிக் அமிலம் மிஞ்சும். அதிலிருந்து புரோஸ்டகிளாண்டின்கள் உண்டாகும். காய்ச்சல், வலி, வீக்கம் மூன்றுக்கும் சேதி சொல்வது இவை.

திரும்பிப் போகும் தூது

எல்லா நரம்பியல் பாடப்புத்தகங்களிலும் சமிக்ஞை ஒரே திசையில் ஓடும் அம்புக்குறி ஒன்று இருக்கும். அனுப்பும் நரம்பணு முன்னால், வாங்கும் நரம்பணு பின்னால். 2001-ல் ஜப்பானில் ஒன்று, அமெரிக்காவில் இரண்டு என மூன்று குழுக்கள் தனித்தனியாக அந்தப் படத்தில் எதிர்த்திசை அம்பு ஒன்றைச் சேர்த்தன. வாங்கும் நரம்பணு, தன் சவ்வில் அந்த நேரத்தில் செய்த கொழுப்புத் தூதை அனுப்பும் நரம்பணுவுக்கே திருப்பிவிடுகிறது. அது அங்கே சிபி1 என்ற ஏற்பியில் ஒட்டி, சமிக்ஞையின் வரவைக் குறைக்கிறது.

சிபி1 ஏற்பி மூளையில் மிக அதிகமாக இருக்கும் ஏற்பிகளுள் ஒன்று. நினைவு, பசி, பயம், உடல் அசைவு ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் அது செறிந்திருக்கிறது. கஞ்சாவின் டிஹெச்சி என்ற பொருள் எதன் மேல் வேலை செய்கிறது என்று தேடியபோதுதான் அது சிக்கியது. உடலிலேயே அதற்கான சாவி இருக்க வேண்டுமே என்று ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலமின் ஆய்வகத்தார் பன்றி மூளையைப் பிழிந்து தேடினார்கள். 1992-ல் ஆனந்தமைடு கிடைத்தது. மூன்றாண்டுகளில் 2-ஏஜியும் கிடைத்தது.

இதன் விளைவு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. உடல் செய்யும் தூது ஒரு சினாப்ஸில், சில நொடிகளுக்கு மட்டும் பேசிவிட்டு அழிகிறது. டிஹெச்சியோ மூளை முழுவதும் பரவி, எல்லாச் சிபி1 ஏற்பிகளையும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் அழுத்திப் பிடிக்கிறது. இருபது வயதைக் கடந்தும் மூளையின் இணைப்புகள் செதுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செதுக்கலில் இந்தத் தூதுகளுக்குப் பங்கு உண்டு. பதின்வயதில் தொடங்கி, அடிக்கடி, வீரியம் மிகுந்த கஞ்சாவைப் புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு நோய்க்கான ஆபத்து கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆய்வகத்தில் செய்யப்படும் செயற்கைக் கஞ்சாப் பொருட்கள் இன்னும் மோசம். டிஹெச்சி அரைகுறையாக அழுத்தும் ஏற்பியை அவை முழுவதுமாக அழுத்துகின்றன. ‘இயற்கைதானே, மூலிகைதானே’ என்று கல்லூரி விடுதிகளிலும் பிஜி அறைகளிலும் சொல்லப்படும் சமாதானத்தை இந்த உண்மைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நல்ல செய்தியும் இதே பாதையில் இருக்கிறது. வெகுதூரம் ஓடியவர்களுக்கு வரும் மனநிறைவுக்குக் காரணம் எண்டார்பின் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தோம். 2021-ல் ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 63 ஓட்டக்காரர்களிடம் அதைச் சோதித்தார்கள். எண்டார்பின் ஒட்டும் ஏற்பியை மருந்தால் அடைத்தபின்பும் ஓடியவர்களின் பரவசம் குறையவில்லை. ரத்தத்தில் கொழுப்புத் தூதுகளின் அளவு உயர்ந்திருந்தது. அதிகாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியின் உள்சாலைகளில் ஓடுகிறவர்கள் தங்கள் சவ்விலிருந்தே, தேவையான அளவுக்கு மட்டும், அந்த மூலக்கூறுகளைச் செய்துகொள்கிறார்கள்.

எடை குறைந்தது, மனம் உடைந்தது

கஞ்சா பசியைத் தூண்டும் என்பது ஊரறிந்த விஷயம். அப்படியானால் சிபி1 ஏற்பியை அடைத்தால் பசி குறையுமா? குறைந்தது. அந்தக் கணக்கில் உருவான மருந்து ரிமோனபான்ட். 2006-ல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்காக அனுமதிக்கப்பட்டது. எடை இறங்கியது, இடுப்பளவு இறங்கியது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2007-ல் அமெரிக்க நிபுணர் குழு இதை ஏற்க மறுத்தது. 2008 அக்டோபரில் ஐரோப்பா விற்பனையை நிறுத்தியது. இந்தியாவில் 2009-ல் தடை வந்தது.

எனக்கு இந்தச் சம்பவம் இந்தத் துறையின் மிக முக்கியமான பாடமாகப் படுகிறது. கொழுப்புத் தூதுகளுக்கு ஒரே ஒரு வேலை என்பது கிடையாது. வயிற்றுக்குப் பசியைச் சொல்லும் அதே மூலக்கூறு, மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலாவுக்குப் ‘பயப்படாதே’ என்றும் சொல்கிறது. ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடும். பருமனாக இருப்பதற்காக மருத்துவரிடம் போன ஒருவர், வாழவே பிடிக்காத மனநிலையோடு திரும்பினால், அந்த எடைக்குறைப்பை என்ன பெயரிட்டு அழைப்பது?

எதிர்த்திசையிலும் முயன்றார்கள். ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியை அடைத்துவிட்டால் அது உடலில் கூடுதல் நேரம் தங்கும், வலி தீரும் என்பது எண்ணம். 2016 ஜனவரியில் பிரான்ஸின் ரென் நகரில், பயால் என்ற போர்ச்சுகல் நிறுவனத்தின் அத்தகைய மருந்தை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது ஒருவர் இறந்தார். மேலும் சிலர் மூளை பாதிப்போடு மருத்துவமனையில் கிடந்தார்கள். இதே நொதியை அடைக்கும் வேறு மருந்துகள் இப்படி எதையும் செய்ததில்லை. மறு ஆண்டு வந்த ஆய்வு ஒன்று, ரென்னில் கொடுக்கப்பட்ட மூலக்கூறு குறிவைத்த நொதியோடு நிற்காமல் கொழுப்பை வெட்டும் வேறு பல நொதிகளையும் முடக்கியிருந்ததைக் காட்டியது. சவ்வை வெட்டும் கத்திகள் ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் பிடிப்பது கடினம்.

▪ பெட்டிச் செய்தி: காய்ச்சல் மாத்திரைக்குள்

கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த டோலோ 650, பெங்களூரின் மைக்ரோ லேப்ஸ் தயாரிப்பு. உள்ளே இருப்பது பாராசிட்டமால். காய்ச்சல் என்பது, மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் புரோஸ்டகிளாண்டின் இ2 என்ற கொழுப்புத் தூது சொல்லும் ‘சூட்டை ஏற்று’ என்ற சேதி. பாராசிட்டமால் மூளையில் அந்தத் தூதின் உற்பத்தியைக் குறைக்கிறது. 2005-ல் ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தார் எலிகளில் இன்னொன்றையும் கண்டார்கள். பாராசிட்டமாலின் ஒரு பகுதி மூளைக்குள் போய், அராக்கிடோனிக் அமிலத்தோடு இணைந்து, ஆனந்தமைடின் உறவுக்கார மூலக்கூறு ஒன்றாக மாறுகிறது. நூறாண்டுக்கு மேல் பழைய மருந்து, இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

அரை மில்லிகிராமின் கதை

மீண்டும் ஃபிங்கோலிமோட். மூளையிலிருந்து ஸ்ஃபிங்கோசின் என்ற கொழுப்புப் பொருளை முதலில் பிரித்தெடுத்தவர் லண்டனில் வாழ்ந்த, துடிக்கும் என்ற பெயருடைய ஜெர்மானிய மருத்துவர். மூளையின் வேதியியலைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1884-ல் வந்தது; சமகாலத்தார் அதை மதிக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த பொருளின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றினால் எஸ்1பி என்ற தூது கிடைக்கும். வெள்ளையணுக்கள் நிணநீர் முடிச்சுகளை விட்டு ரத்தத்துக்குள் இறங்க எஸ்1பியின் வழிகாட்டல் தேவை.

1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் கியோட்டோவில் டெட்சுரோ ஃபுஜிடாவின் குழு, பூச்சிகளைத் தாக்கி வளரும் ஒரு பூஞ்சையின் பொருளைத் திருத்தி ஒரு மருந்தைச் செய்தது. அது எஸ்1பியின் சாயலில் இருந்தது. உடலுக்குள் போனதும் நம் நொதியே அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. வெள்ளையணுக்கள் அதைத் தூது என்று நம்பி ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதற்கப்புறம் அவற்றுக்கு வெளியேறும் வழி தெரிவதில்லை. மல்டிபிள் ஸ்கெலரோசிஸில் நரம்புகளின் மையலின் உறையைத் தின்பது இதே வெள்ளையணுக்கள்தாம். அவை மூளைக்குப் போகாமல் முடிச்சுகளுக்குள்ளேயே அடைபட்டால் தாக்குதல் குறையும். இந்த நோய்க்கான முதல் வாய்வழி மருந்தாக 2010 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபிங்கோலிமோட் அனுமதிக்கப்பட்டது. இரண்டாண்டுப் பரிசோதனையில் நோய் மறுபடி தலைதூக்கும் வீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், பாதிக்கு மேல் குறைந்தது. இந்த மருந்து மூளைக்குள்ளும் நுழைகிறது. நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களிலிருந்து எஸ்1பி ஏற்பியை நீக்கிய எலிகளில் மருந்தின் பலன் போய்விட்டதை ஜெரால்ட் சன்னின் குழு 2011-ல் காட்டியது.

நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளைவிடக் குறைவு. மங்களூரில் நடந்த கணக்கெடுப்பு லட்சத்துக்குச் சுமார் எட்டுப் பேர் என்றது. நாட்டின் மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் அது சின்ன எண் அல்ல. இளம் வயதில், ஆண்களைவிடப் பெண்களை அதிகம் பிடிக்கும் நோய் இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண் மங்கும், சில வாரத்தில் சரியாகும். அடுத்த வருடம் கால் மரத்துப்போகும். ‘கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாய், அதுதான்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஐடி நகரத்தில் இந்த விளக்கம் மிகச் சுலபமாக எடுபடுகிறது என்பதுதான் என் கவலை. ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினால், அது தானே சரியானாலும், நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

மருந்தின் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். எஸ்1பி ஏற்பி இதயத்திலும் உண்டு. அதனால் முதல் கேப்ஸ்யூலை விழுங்கியதும் நாடித்துடிப்பு இறங்கலாம். ஆறு மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். விழித்திரையில் நீர் கோக்கலாம் என்பதால் கண் பரிசோதனை தேவை. சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று முன்பே பார்ப்பார்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண் இரண்டு மாதம் முன்பே இதை நிறுத்தியிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: திடீரென நிறுத்தினால் சிலருக்கு நோய் பழையதைவிட மூர்க்கமாகத் திரும்பலாம் என்று 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அப்படியானால் மாதாமாதம் தடையில்லாமல் மருந்து கிடைப்பதும் சிகிச்சையின் ஓர் அங்கம். பொதுப்பெயர் மருந்துகளின் அருமை அங்கே இருக்கிறது. விலை எட்டாமல் நடுவில் விட்டவருக்கு, தொடங்காமலே இருந்தவரைவிட நிலைமை மோசமாகலாம்.

மீன் எண்ணெய் கேப்ஸ்யூல்

‘மூளை கொழுப்பால் ஆனது, ஆகவே கொழுப்பைச் சாப்பிடு’ என்ற வாதத்தோடு ஒமேகா-3 கேப்ஸ்யூல்கள் விற்கப்படுகின்றன. மீன் நல்ல உணவு; அதில் சந்தேகமில்லை. ஆனால் 18,353 பேரிடம் சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த அமெரிக்க ஆய்வு 2021-ல் சொன்னது, தினம் ஒரு கிராம் ஒமேகா-3 மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை என்பதே. சவ்வில் எந்தக் கொழுப்பு இருக்கிறது என்பது ஒரு பாதி. அதை எந்த நொதி, எந்த நேரத்தில் வெட்டுகிறது என்பது மறுபாதி. மறுபாதியைக் கேப்ஸ்யூலில் அடைத்து விற்க முடியாது.

ஈயிலிருந்து நோயாளி வரை

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் சாலை வழியே நகரத்துக்குள் போனால் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம் வரும். நகரத்தைத் தாண்டி வடக்கே, ஜி.கே.வி.கே. வளாகத்தில், என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. கொழுப்புத் தூது பற்றிய இந்தியாவின் மிக ஆழமான வேலைகளில் சில அங்கே, பழ ஈக்களில் நடந்திருக்கின்றன.

அந்த மையத்தின் கெய்தி ஹசன் 1992-ல், மைக்கேல் ராஸ்பாஷோடு சேர்ந்து, ஈயின் ஐபி3 ஏற்பிக்கான மரபணுவைக் கண்டறிந்து வெளியிட்டார். பிற்பாடு பெங்களூரில் அவருடைய குழு, அந்த ஏற்பி பழுதான ஈக்களால் பறக்க முடிவதில்லை என்று 2004-ல் காட்டியது. சிறகில் குறையில்லை, பறத்தலை நடத்தும் நரம்பணுக்களின் தாளம் குலைந்திருந்தது. குறிப்பிட்ட சில நரம்பணுக்களில் மட்டும் நல்ல மரபணுவைத் திருப்பித் தந்தபோது ஈக்கள் பறந்தன. மூன்றாண்டு கழித்து, மனிதர்களில் நடை தள்ளாடும் ஒருவகைப் பரம்பரை நோய்க்கு இதே ஏற்பியின் மரபணு அறுந்துபோவதே காரணம் என்று வேறொரு பன்னாட்டுக் குழு கண்டது.

அதே மையத்தின் ரகு படிஞ்ஞாட்டின் குழு, முன்னால் சொன்ன பூச்சு வேலையை ஆராய்கிறது. ஈயின் கண் செல்லில் ஒளி விழும்போதெல்லாம் பிப்-2 வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்டதைச் செல்லின் உள்ளறையிலிருந்து மறுபடி சவ்வுக்குக் கொண்டுசேர்க்கும் புரதம் பழுதானால், ஒளி படப்படக் கண் அழிந்துபோகிறது. சேதி அனுப்பியதால் வந்த அழிவு அல்ல. அனுப்பிய பின் சுவர் மூடப்படாததால் வந்த அழிவு.

எழுபது ஆண்டுப் பழைய உப்பு

இந்தப் பூச்சு வேலையின் நடுவில்தான் லித்தியம் உட்கார்ந்திருக்கிறது.

1949-ல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட், வெறியெழுச்சியில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் உப்பைக் கொடுத்து அவர்கள் தணிந்ததை எழுதினார். பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு இன்றும் அதுவே முதன்மையான மருந்துகளில் ஒன்று. எப்படி வேலை செய்கிறது? பிப்-2வை மறுபடி கட்ட இனோசிட்டால் வேண்டும். அதைப் பழைய துண்டுகளிலிருந்து மீட்டுத் தரும் நொதியை லித்தியம் தடுக்கிறது என்று 1980-ல் தெரிந்தது. மீட்பு தடைப்பட்டால் அளவுக்கு மீறி எரியும் நரம்பணுக்களில் தூதுக்கான சரக்கு தீர்ந்து அவை அடங்கும் என்று பெரிட்ஜ் 1989-ல் கருத்துரைத்தார். அழகான கருத்து. மனித நரம்பணுவில் அது உண்மையா என்பது நெடுங்காலம் திறந்தே கிடந்தது.

அந்த இடத்தில்தான் பெங்களூர் நுழைகிறது. 2024-ல் படிஞ்ஞாட்டின் குழு வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளுக்குத் தரும் அளவிலேயே லித்தியத்தைச் செல்களுக்குத் தந்தார்கள். பிப்-2 திரும்பக் கட்டப்படுவது தாமதமானது. கால்சியச் சேதி தணிந்தது. மேற்சொன்ன நொதியை மரபணுவிலிருந்தே நீக்கிய செல்களில் லித்தியத்தால் இந்த மாற்றங்களைச் செய்ய முடியவில்லை. லித்தியத்தின் இலக்கு அந்த நொதிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம். தண்டுச் செல்களிலிருந்து வளர்த்த மனிதப் பெருமூளை நரம்பணுக்களிலும் லித்தியம் அவற்றின் கிளர்ச்சியைக் குறைத்தது.

இத்தகைய வேலைக்கு மனித நரம்பணு எங்கிருந்து வரும்? நிம்ஹான்ஸ், என்.சி.பி.எஸ்., தண்டுச் செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெம் மூன்றும் சேர்ந்து, ஒரே குடும்பத்தில் பலருக்குக் கடும் மனநோய் இருக்கும் வீடுகளைத் தேடி, அவர்கள் ரத்தத்தில் எடுத்த செல்களைத் தண்டுச் செல்களாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கின. மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையோடு அதற்குப் பணம் தந்தது இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை. 2023-ல் ரோகிணி நிலேகனியின் கொடை அமைப்பு 100 கோடி ரூபாய் அறிவித்தது; அதைக் கொண்டு நிம்ஹான்ஸும் என்.சி.பி.எஸ்.சும் இணைந்து மூளை-மனம் மையம் அமைத்தன. பைபோலார், மனச்சிதைவு, எண்ணச் சுழற்சி நோய், மறதி நோய், போதை அடிமைத்தனம் ஆகிய ஐந்தும் அதன் ஆய்வுப் பொருள். எலெக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் வருமானம் நரம்பணுவின் சவ்வு வரை வந்து சேர்ந்திருக்கிறது. மற்ற தொழிலதிபர்களும் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் விருப்பம்.

லித்தியம் கொடுத்தால் மிக நன்றாகத் தேறுகிறவர்கள் சுமார் மூன்றில் ஒருவர். யார் அந்த ஒருவர் என்று முன்கூட்டியே சொல்ல இன்றுவரை பரிசோதனை இல்லை. மாதக்கணக்கில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். தேறியவரின் நரம்பணுவையும் தேறாதவரின் நரம்பணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, பிப்-2 மீண்டும் கட்டப்படும் வேகத்தை ஒப்பிட முடிந்தால், அந்தக் காத்திருப்பு ஒருநாள் குறையலாம்.

ஆய்வகத்துக்கு வெளியே நிலைமை வேறு. நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பைபோலார் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை. லித்தியம் விலை மலிவான மாத்திரை. ஆனால் அதன் பாதுகாப்பான எல்லை குறுகியது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகலாம். எனவே ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சிறுநீரகச் சோதனை எல்லாம் தொடர்ந்து வேண்டும். இந்தச் சோதனைக்காக ஒரு கூலித் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கோ பெங்களூருக்கோ பயணம் போகும்படி வைத்திருப்பது அநியாயம். தாலுகா மருத்துவமனையிலேயே அது கிடைக்க வேண்டும்.

▪ பெட்டிச் செய்தி: லித்தியம் எடுப்பவர் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

கை நடுக்கம் கூடுவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், குழறும் பேச்சு ஆகியவை ரத்தத்தில் அளவு ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெயில் காலத்திலும் காய்ச்சலிலும் உடலில் நீர் வற்றினால் லித்தியம் ஏறும். தண்ணீரையும் உப்பையும் திடீரெனக் குறைக்கக் கூடாது.

நன்றாக இருக்கிறதே என்று தானாக மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

மூட்டுவலி, பல்வலி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஐபூப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை இன்னோர் ஆபத்து. இவை புரோஸ்டகிளாண்டின்களைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. சிறுநீரகத்தில் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்திருப்பதும் புரோஸ்டகிளாண்டின்களே. அவை குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதும் குறைந்து, சில நாட்களில் ரத்தத்தில் அளவு எகிறும். வலிக்கு மாத்திரை வாங்கும் முன் லித்தியம் எடுப்பதைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடக்கூடாது.